நூறு நாள் மேசை

அன்று காலை என் மனைவி மேரேசேனி ஒரு தேங்காயை என் கையில் கொடுத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள துருவி வை. நேத்து மாதிரி ஓட்டோட சேத்துச் சுரண்டாத. பால்ல கருப்புத் தூளு மிதந்துச்சு."

"கருப்புத் தூளு உடம்புக்கு நல்லது."

"அப்ப நீயே குடி. என் மீனுக்கு வெள்ளைப் பால் வேணும்."

குடையை எடுத்துக்கொண்டு ஏழரை மணிப் பேருந்துக்குப் போய்விட்டாள். பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை அது. ஆலை ஓடாத மாதம். ஆலை ஓடும்போது நான் கரும்பு ரயிலின் எஞ்சின் ஓட்டுகிறவன். மற்ற மாதங்களில் மரவள்ளியும் சேம்பும்தான் என் வேலை. தேங்காயைத் துருவுபலகை மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மழைக்கு முந்திய புழுக்கம். மண் கையில் ஒட்டவில்லை.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பல்கலைக்கழகக் கிளை நூலகத்தின் கடைசி வரிசையில், மருத்துவப் புத்தக அலமாரிக்கு முன்னால், மேரேசேனி விழுந்தாள். லலேஷ்னி என்ற பெண் அப்போது பக்கத்து மேசையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பட்டப்படிப்புக்காக நூலகத்துக்கு வருகிறவள். ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது லலேஷ்னியின் கைகள் காற்றில் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தன. மேரேசேனிக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த நூலகத்தில் இருபத்தாறு வருடம் நூலகர்.

தேங்காய் இரண்டு நாள் பலகை மேலேயே கிடந்தது. அப்புறம் யாரோ எடுத்துத் துருவிவிட்டார்கள். சாவு வீட்டில் சமையலுக்கு வந்தவர்களுக்கு எது யாருடைய தேங்காய் என்று தெரியுமா?

அவள் போவதற்குச் சரியாகப் பதினோரு நாள் முன்னால்தான் பெனி எங்கள் ஊருக்கு வந்தான். பெனியாமினோ என்பது முழுப்பெயர். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவில், தலைநகர் சுவாவில், பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகத்தில் வேலை. கிளை நூலகங்களால் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன பயன் என்று அளந்து எழுதுவது அவன் பொறுப்பு. பயனில்லை என்று அளவு சொன்னால் எங்கள் வுனிமாங்கோ கிளையை மூடிவிடுவார்கள். புத்தகங்கள் கப்பலேறும். அந்த அறையில் ஆறு கணினி வைத்துக் கதவைப் பூட்டிச் சாவியைக் காவல்காரனிடம் கொடுத்துவிடுவதாகத் திட்டம். சுவாவிலிருந்து வந்த கடிதத்தில் இது மரியாதையான பாஷையில் இருந்தது. மேரேசேனி அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது மரியாதையை எல்லாம் விட்டுவிட்டு வாசித்தாள்.

பெனியைப் பேருந்து நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"எந்த ஊருடா நீ?"

அவன் சொன்னான். மேரேசேனி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அட, நண்டு திருடுற ஊரு! பைய வெளிய வச்சுட்டு வெறுங்கையோட உள்ள வா. போகும்போது சோதனை போடுவேன்."

"நீங்க எந்த ஊரு?" என்றான். அவள் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஓகோ, படுத்துக்கிட்டே மீன் பிடிக்கிற ஊரா? உங்களுக்கெல்லாம் நூலகம் எதுக்கு? தலையணைக்கா?"

அவன் ஊர்த் தெய்வமும் இவள் ஊர்த் தெய்வமும் கூடப்பிறந்தவை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் 'தவு' என்று கூப்பிடுவோம். வாய்க்கு வந்தபடி ஏசலாம், அடுப்பில் இருப்பதை எடுத்துத் தின்னலாம். கோபிக்க மட்டும் உரிமையில்லை. அன்று முதல் பெனிக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, கீரையும் மரவள்ளியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"தவு, ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களே?"

"ஏசுவேன். சொல்லு."

"இரவல் எடுக்கிறவங்க ரொம்பக் குறைச்சல்."

"புயலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் பாதி வீட்டுல கூரை ஒழுகுது. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நனைச்சுட்டு எங்கிட்ட எவன் ஏச்சு வாங்குவான்? இங்கயே ஒக்காந்து படிக்கிறாங்க."

"அதுதான். வாசல்ல வச்ச மெஷின் ஒரு நாளைக்கு நூத்திமுப்பது பேர் வந்ததாக் காட்டுது. சுவாவுல என்ன சொல்றாங்கன்னா, வெயிலுக்கு ஏசிக் காத்து வாங்க வர்றாங்களாம். படிக்க வர்றாங்கன்னு காட்டணும்னா ஒரே வழி. படிச்சு முடிச்சு மேசையில விட்டுட்டுப் போற புத்தகங்கள சாயங்காலம் நான் எண்ணணும். எல்லா ஊருலயும் அப்படித்தான் எண்ணுறோம். 'புத்தகங்களைத் திரும்ப அடுக்காதீர்கள்'னு நான் அறிவிப்பு கூட ஒட்டிருக்கேன்."

"பாத்தேன்."

"எட்டு நாளாச்சு. தினம் அஞ்சு மணிக்குப் புத்தகம் எண்ணுற கைமெஷினைத் தூக்கிட்டுப் போறேன். நாலு மேசை. ஒரு புத்தகம் கிடையாது. சைபர், சைபர், சைபர். நூத்திமுப்பது பேர் வந்து ஒருத்தன்கூடப் புத்தகத்தைத் தொடலன்னு அறிக்கை சொல்லுது தவு."

மேரேசேனி சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. அந்த நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்காமல் யாரும் வெளியே போய்விட முடியாது. ஒரு புயலில் அலமாரிகளுக்கு மேல் தார்ப்பாய் நின்றது. மேசைகளுக்கு மேல் கூரை போய்விட்டது. மேசையில் கிடந்த பதினேழு புத்தகம் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வைத்த சட்டம் அது. முதலில் ஏசிப் பழக்கினாள். பிறகு ஏச வேண்டியிருக்கவில்லை. மூத்த மாணவர்கள் இளைய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்துச் சரியான இடத்தில் செருகுவதில் ஆஸ்பத்திரிப் பெண்களுக்கும் ஆசிரியப் பயிற்சிப் பையன்களுக்கும் போட்டிகூட உண்டு.

"சரி, கேள்வித்தாள் குடுத்தியே, அது என்னாச்சு?" என்று கேட்டேன்.

பெனி தலையில் கைவைத்துக்கொண்டான். "அதைக் கேக்காதீங்க. 'இந்த நூலகம் உங்கள் படிப்புக்கு எவ்வளவு உதவியது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்.' எல்லாரும் அஞ்சு. ஒருத்தன் விடாம அஞ்சு. ஏசி ரிப்பேர் பண்ண வந்தவனும் அஞ்சு போட்டிருக்கான்."

"அவனுக்கு டீ குடுத்தேன்ல," என்றாள் மேரேசேனி.

"எல்லாரும் அஞ்சு போட்டா அதைக் குப்பையில போட்டுடுவாங்க தவு. மரியாதைக்கு எழுதினதுன்னு சொல்லிடுவாங்க."

"மூஞ்சிக்கு நேரா வந்து கேட்டா வேற என்ன போடுவாங்க? மூணா போடுவாங்க? நாங்க என்ன உங்க ஊரா?"

அவன் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஒரு பருவம், பதினாறு வாரம், புத்தகத்தை மேசையிலயே விட்டுட்டுப் போங்கன்னு நீங்க சொல்லுங்க. நான் ஒட்டுன காகிதத்தை எவனும் மதிக்கல. உங்க வாய்க்குத்தான் கேப்பாங்க."

"மாட்டேன்."

"மூடிடுவாங்க தவு."

"மூடட்டும். சாப்பிட்ட தட்டை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போன்னு எம் பிள்ளைங்களுக்கு நான் சொல்லணுமா? சுவாக்காரன் எண்ணுறதுக்கு வசதியா? அவனுக்கு எண்ணத் தெரியலன்னா அவன் போய்க் கத்துக்கிட்டு வரட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. ஆலையில கரும்பை எப்படி அளக்கிறான்?"

"எடை போட்டு."

"அதுல எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு எடைக்கல்லுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் முப்பது வருசமா சண்டை."

"அவ்வளவுதான் விஷயம்," என்றாள். பெனியின் தட்டில் இன்னொரு துண்டு மரவள்ளி வைத்தாள். "தின்னு, நண்டுத் திருடா."

அது புதன். வெள்ளிக்கிழமை அவள் இல்லை.

அடக்கத்தைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. சாவுக்குக் கொடுக்கிற முறைப்படி பாய்கள் வந்தன, திமிங்கிலப் பல் வந்தது, துணி வந்தது. ஆலையின் ஓய்வுபெற்ற ஃபோர்மேன் வந்து எனக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். லலேஷ்னியின் அம்மா ஒரு வாளி நிறைய ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். பெனி, தவு முறைக்காரன் செய்ய வேண்டியபடி, சவப்பெட்டியைத் தூக்கும்போது, "கொஞ்சம் பாத்து மெதுவா தூக்குங்க, எழுந்து ஏசப் போறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அழுதான்.

எங்களில் ஒருவர் போய்விட்டால் நெருங்கியவர்கள் நூறு நாளுக்கு ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோம். தம்பு என்போம். போனவருக்குப் பிரியமான ஒன்றாக இருக்க வேண்டும். நூறாம் நாள் விருந்து வைத்துத் தடையை எடுப்போம். நான் தேங்காய்ப்பாலை விட்டேன். மேரேசேனியின் அக்கா நானிசே சிவப்புத் துணி உடுத்துவதை விட்டாள். மேரேசேனிக்குச் சிவப்பு என்றால் உயிர்.

பத்தாம் நாள் கழிந்தது. சுவாவிலிருந்து பெனிக்கு உத்தரவு வந்தது: வேறு ஆள் அனுப்ப முடியாது, அளவெடுப்பு முடியும்வரை நூலகத்தையும் நீயே நடத்து.

"மூடுறதுக்கு வந்தவனைத் தினம் கதவைத் திறக்க வச்சுட்டா பாத்தீங்களா," என்றான் என்னிடம். "இது உங்க வீட்டுக்காரி வேலைதான்."

அவளுடைய கண்ணாடியையும் மேசை டிராயரில் இருந்த சாமான்களையும் எடுத்து வர, அவள் போன பிறகு நான் முதல் தடவையாக அங்கே போன நாள் ஒரு செவ்வாய். ஐந்து மணி ஆகப் போகிறது. மாணவர்கள் எழுந்து புத்தகங்களை அலமாரிகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. மூன்றாவது மேசையில் லலேஷ்னி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் மாவட்ட சுகாதார அறிக்கைகளின் பழைய தொகுப்பு ஒன்று இருந்தது. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலைப் பற்றி அவள் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். என் தம்பி மகன் அந்தக் காய்ச்சலில்தான் போனான். அந்த வருடத்து அறிக்கையும் அதில் இருக்கிறது. அந்தத் தொகுப்பு இணையத்தில் கிடையாது, சுவாவில் கிடையாது. மழையில் நனைந்து காய்ந்த ஒரே பிரதி இங்கேதான்.

"மாமா," என்றாள். "என்னால முடியல."

"என்னம்மா முடியல?"

"இதை வைக்க அந்த அலமாரிக்குப் போகணும். அங்கதான் ஆன்ட்டி விழுந்தாங்க. பத்து நாளா வேற புத்தகம்தான் படிக்கிறேன். இன்னைக்கு இதை எடுக்க அவினேஷை அனுப்பினேன். வைக்கறதுக்கும் அவனை அனுப்பலாம். ஆனா அடுத்தவங்க கையில குடுத்து வைக்கச் சொன்னா ஆன்ட்டி ஏசுவாங்க."

"இங்கயே விட்டுட்டுப் போ."

"அதுக்கு இன்னும் ஜாஸ்தியா ஏசுவாங்க."

"நான் வாங்கிக்கிறேன் ஏச்ச. நீ போ."

அவள் புத்தகத்தை மேசையின் நடுவில் நேராக வைத்தாள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், போய்விட்டாள். பெனி அவனுடைய கைமெஷினோடு வந்தான். மூன்றாவது மேசைக்கு வந்து நின்றுவிட்டான். மெஷின் ஒரு தடவை 'பீப்' என்றது. அந்த அறையில் அந்த மெஷின் சத்தம் போட்டது அன்றுதான் முதல் தடவை.

"ஒண்ணு," என்றான் பெனி.

வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் எனக்கு வேறு நினைவே இல்லை. மேரேசேனி மாட்டேன் என்றது என் காதில் இருந்தது. அவள் உயிரோடு இருக்கும்போது மறுத்ததை அவள் போன பத்தாம் நாளே செய்யச் சொல்வதா? ஆனால் நூலகம் கப்பலேறினால் அந்த மறுப்பு எந்தச் சுவரில் தொங்கும்? இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போது நேரே நானிசே வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் பாய் முடைய ஓலை காயப்போட்டு, மழை வருமோ என்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு தம்பு வைக்கணும். நூறு நாளுக்கு யாரும் புத்தகத்தைத் திரும்ப அடுக்கக் கூடாது."

"என்ன மாப்ளே, தேங்காய்ப்பால் இல்லாம மூளை வறண்டு போச்சா? ஆத்துக்குத் தம்பு வைப்பாங்க, மீன்துறைக்கு வைப்பாங்க. மேசைக்கு எவனாவது வைப்பானா?"

"அவளுக்குப் பிரியமானத விடணும்கிறதுதானே முறை? புத்தகத்தை எடுத்த இடத்துல வைக்கறதவிட அவளுக்குப் பிரியமானது எது?"

நானிசே ஓலையைப் புரட்டிப் போட்டாள். "நீயி," என்றாள்.

"மதினி."

"சரி, ரெண்டாவதாத்தான் நீ. முதல்ல அதுதான்." இன்னொரு ஓலையைப் புரட்டினாள். "அவ மாட்டேன்னு சொன்னா இல்ல?"

"சுவாக்காரன் எண்ணுறதுக்காக மாட்டேன்னா. இது அவளுக்காக."

"சுவாக்காரன் எண்ணிக்குவானே?"

"எண்ணிட்டுப் போறான். துக்கத்துக்கு வர்றவன் செருப்பை எண்ணுறதில்லயா? செருப்பு அதுக்காகவா கிடக்கு?"

நானிசே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது வருசமா எந்தங்கச்சிகூட இருந்ததுல உனக்கும் நாக்கு வளந்திருக்கு. வா, நாளைக்கு நானும் வரேன். தம்பு சொல்றது பொறந்த வீட்டு உரிமை. நீ எஞ்சின் ஓட்டி, உன் பேச்ச எவன் கேப்பான்?"

மறுநாள் மதியம் அவள் கருப்பு உடுத்தி, ஒரு கட்டு மிளகுவேரோடு நூலகத்துக்கு வந்தாள். சடங்குகளில் குடிக்கிற யங்கோனாவைக் கரைக்கும் வேரைத்தான் சொல்கிறேன்; வெறுங்கையோடு தம்பு சொல்ல முடியாது. நூலகத்தில் குடிக்கத் தடை என்பதால் கரைக்காமல் பெனியின் கையில் கொடுத்தாள். முப்பது நாற்பது பேர் எழுந்து நின்றார்கள்.

"எந்தங்கச்சி உங்களை எல்லாம் ஏசி ஏசி வளத்தா. அவ வீட்டுக்காரங்க சார்பா சொல்றேன். இன்னையிலருந்து நூறாம் நாள் வரைக்கும் இங்க யாரும் புத்தகத்தைத் திரும்ப வைக்கக் கூடாது. படிச்ச இடத்துல அப்படியே விட்டுட்டு எழுந்து போகணும். உங்களுக்கு அது கஷ்டமா இருக்கும். இருக்கணும். கஷ்டமில்லாததுக்குப் பேரு தம்பு இல்ல."

அன்று ஐந்து மணிக்கு மேசைகளில் நாற்பத்தொரு புத்தகம். கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அவர்களுக்கு. ஒருவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, புத்தகத்தின் ஓரத்தை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஐம்பத்தெட்டு. அடுத்த வாரம் எண்பது தாண்டியது.

இதில் யாரும் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மேசையில் கிடப்பதை யாராவது அடுக்கியாக வேண்டுமே? தம்பு ஊர்க்காரர்களுக்கு. பெனி அரசாங்கச் சம்பளக்காரன் மாதிரி. அவனுக்குத் தம்பு இல்லை என்று நானிசே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தினம் காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு அவன் தனியாளாக எண்பது புத்தகம் அடுக்கினான். ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

"மதினிகிட்ட சொல்லுங்க, நான் சாகப் போறேன். எனக்கும் நூறு நாள் வைக்கச் சொல்லுங்க."

"நண்டு தூக்கின இடுப்புதானே," என்றேன். மேரேசேனி இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"சிரிங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். சுவாவுல உக்காந்து எத்தனையோ அறிக்கை எழுதிருக்கேன். ஒரு புத்தகத்தை எத்தனை பேர் தொடறாங்கன்னு இடுப்புக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரிஞ்சதில்ல. அந்த எலிக்காய்ச்சல் தொகுப்பு இருக்கே, அதை இந்த மாசம் பத்தொன்பது தடவ அடுக்கிருக்கேன். நர்ஸுங்க மட்டும் இல்ல, கரும்பு வெட்டுற ஆளுங்களோட சர்தார் ஒருத்தர் வந்து ஒக்காந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். இருபத்தாறு வருசமா இதெல்லாம் நடந்துச்சு. ஒரு காகிதத்துலயும் இல்ல."

மே மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவினேஷ் நல்ல பையன், ஆசிரியப் பயிற்சி. நூலகத்தைக் காப்பாற்றுகிற ஆர்வத்தில் ஒரு சாயங்காலம் அலமாரியிலிருந்து ஐந்து தடித்த புத்தகங்களை உருவி, திறக்காமலே மேசையில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தான். நான் மூன்றாவது மேசையில் இருந்தேன். அப்போதெல்லாம் மதியம் அங்கே போய் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. லலேஷ்னி அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"இதுல எதைப் படிச்ச?"

"அக்கா, எண்ணிக்கைக்கு..."

"எதைப் படிச்சடா?"

"மேல இருக்கறத. பாதி."

"அதை வை. மத்த நாலையும் கொண்டுபோய் வச்சுட்டு வா."

"தம்பு இருக்கே அக்கா!"

"படிச்சதுக்குத்தான் தம்பு. ஆன்ட்டி சாவுல பொய் சொல்லுவியா நீ? அவங்க நெஞ்ச அமுக்கினது நான். எங்கிட்ட வந்து பொய்க் கணக்கா?"

அவன் நான்கு புத்தகங்களையும் கொண்டுபோய் வைத்தான். காது சிவந்துவிட்டது. தம்பு தொடங்கிய பிறகு ஊர்க்காரர்கள் அலமாரியில் திரும்ப வைத்த புத்தகங்கள் அந்த நான்குதான்.

கடைசி வாரம் சுவாவிலிருந்து தொலைபேசி வந்தது. தலைமை நூலகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கும் ஓர் அம்மாள். பெனி ஒலிபெருக்கியைப் போட்டான். முதல் மூன்று வாரம் சைபர். பிறகு தினம் எண்பது. எந்தக் கிளையிலும் இப்படி இல்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருக்கிறதே என்றார். பெனி துக்கத்தைப் பற்றியும் தம்புவைப் பற்றியும் சொன்னான். 

"அப்படியானா இது வழக்கமான பயன்பாடு இல்லியே பெனி. துக்க காலத்துக் கணக்க எப்படிச் சேக்கறது?"

நான் எழுந்து போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"அம்மா, நான் இனோக்கே. செத்துப்போனவ வீட்டுக்காரன். நீங்க சொல்றது சரிதான், வேணும்னேதான் விடறோம். ஆனா படிக்காத ஒண்ணையும் விடல. சந்தேகமிருந்தா கப்பலேறி வாங்க, எங்க வீட்டுலயே தங்குங்க. மூணாவது மேசையில உக்காந்து ஒரு வாரம் பாருங்க."

"ஐயா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா..."

"துக்கத்த விடுங்க. கணக்கைப் பேசுவோம். நான் ரயில் ஓட்டுறவன். எடைமேடையில வண்டிய நிறுத்தாம ஓட்டிட்டுப் போனா முள்ளு சைபர்தான் காட்டும். அதுக்காக வண்டியில கரும்பே இல்லன்னு எழுதுவீங்களா? இந்த நூறு நாள் நாங்க வண்டிய நிறுத்தினோம். நீங்க எடை போட்டுக்கிட்டீங்க. அவ்வளவுதான். கரும்பு எப்பவும் இருந்துச்சு."

"இனிமேலும் இப்படியே மேசையில விட்டா எங்களுக்கு ஒப்பிட வசதியா இருக்கும். அதையாவது சொல்ல முடியுமா?"

"முடியாது. ஞாயித்துக்கிழமையோட துக்கம் தீருது."

"அப்ப அடுத்த தடவை மறுபடி சைபர் வரும்."

"வரட்டும்," என்றேன். "எண்ணத் தெரியாதவங்களுக்காக எங்க பிள்ளைங்க பழக்கத்த மாத்த மாட்டோம்."

அது என் வார்த்தை இல்லை என்று பெனிக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை அளவெடுப்பு முடிந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. பெனி அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினான்: முதல் மூன்று வாரத்துச் சைபரை நீக்க வேண்டாம், அதுதான் இந்த நூலகம் எவ்வளவு நன்றாக நடந்தது என்பதற்கு ஆதாரம், தவறு எண்ணிய முறையில், எண்ணியவன் நான்.

"இதை எழுதினா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆச்சுன்னா நண்டு திருடப் போறேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நூறாம் நாள். பன்றி சுட்டோம். நானிசே சிவப்பு உடுத்தினாள். எனக்கு முன்னால் தேங்காய்ப்பாலில் வெந்த மீனை வைத்தார்கள். நான்தான் காலையில் தேங்காய் துருவினேன், ஓடு படாமல், மெதுவாக. பால் வெள்ளையாக இருந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. வுனிமாங்கோ கிளை நூலகம் தொடரும். நிரந்தரமாக ஒருவரை நியமிப்பார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு மறு மதிப்பீடு. லலேஷ்னியின் கட்டுரையைச் சுகாதாரத் துறை கேட்டு வாங்கியது. அடுத்த கரும்பு அரவைக்கு வெட்டுகிறவர்களுக்கு ரப்பர் காலணி கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைப் போடவில்லை, சூடாக இருக்கிறதாம். அவள் வயல் வயலாகப் போய் ஏசுகிறாள்.

அந்த மூன்று ஆண்டு வரும் ஆகஸ்டில் முடிகிறது. வேறு ஒருவர் வருவார் என்று பெனி எழுதியிருக்கிறான். வரட்டும். சாப்பாடு போடுவோம். கேள்வித்தாளில் அஞ்சு போடுவோம்.

அந்த வருடம் நூறாம் நாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை. அன்றுதான் ஆலையில் முதல் சங்கு ஊதியது. மாலை ஷிப்டுக்குப் போகிற வழியில் ஐந்து மணிக்கு நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததால் பெனி அங்கே இருந்தான். பழக்கத்தில் மெஷினைக் கையில் எடுத்திருந்தான். லலேஷ்னி அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

எல்லோரும் போன பிறகு பார்த்தோம். நான்கு மேசை. ஒன்றிலும் ஒன்றுமில்லை.